ஐயமுற்றவர்களும் அந்த மலையில் இருந்தார்கள்

ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா, உலக சமூகத் தொடர்பு நாள்
திருத்தூதர் பணிகள் 1:1-11, எபேசியர் 1:17-23, மத்தேயு 28:16-20



இன்றைய நற்செய்தி ஐந்தே வசனங்கள். கலிலேயாவில் ஒரு மலை. பன்னிருவராய் இருந்தவர்கள் பதினொருவராய் வந்து நிற்கிறார்கள். யூதாசின் இடம் காலி. உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் காண்கிறார்கள், பணிகிறார்கள். அத்தோடு மத்தேயு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பணிந்து நின்ற அந்தக் கூட்டத்திலேயே சிலருக்கு ஐயம் இருந்தது என்று எழுதி வைத்துவிட்டார்.

இந்த வரியை நாம் பெரும்பாலும் காதில் வாங்காமலே கடந்துவிடுகிறோம். உலகெங்கும் போய்ச் சீடராக்குங்கள் என்ற பெரிய கட்டளை அடுத்து வந்து நம் கவனத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டளை யாரிடம் தரப்பட்டது என்று பாருங்கள். ஐயப்பட்டவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தெளிந்தவர்களிடம் மட்டும் இயேசு பேசவில்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று யாரையும் திருப்பி அனுப்பவும் இல்லை. நெருங்கி வந்தார், எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார்.

அவர்கள் ஐயப்பட்டது இயேசுவையா, தங்களையா? மத்தேயு சொல்லவில்லை. இரண்டும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆண்டவர் பிடிபட்ட இரவில் ஓடிப்போனவர்கள் அவர்கள். பேதுருவோ மூன்று முறை மறுதலித்தவர். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கும்போது, ‘என்னையா நம்புகிறார்?’ என்று தோன்றாமலா இருந்திருக்கும்?

இன்று உலக சமூகத் தொடர்பு நாள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட ஆணைமடலில் இப்படி ஒரு நாள் வேண்டும் என்று கேட்டது. திருத்தந்தை 6-ஆம் பவுல் காலத்தில், 1967 மே 7 அன்று முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது. இந்த நாளில் டிவி, செல்ஃபோன் இவற்றின் தீமைகளைப் பற்றிப் பேசுவது எங்களைப் போன்ற குருக்களின் வழக்கம். பிள்ளைகளும் தலையைக் குனிந்து பக்தியோடு கேட்பார்கள். குனிந்த தலைக்குக் கீழே ஃபோன் இருக்கும். இந்த ஆண்டு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். ராத்திரி வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லாரும் படுத்தபிறகு, யாரும் கேட்காமலே வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருப்பவர்களிடம் இன்று கொஞ்சம் பேச வேண்டும். இந்தக் கோவிலுக்குள்ளேயே நீங்கள் பலபேர் இருக்கிறீர்கள்.

2020 மார்ச்சில் கோவில் கதவுகள் அடைபட்டது நினைவிருக்கும். ஆளில்லாத கோவிலில் ஃபோனைப் பார்த்துப் பூசை வைத்தோம். அன்றைக்கு அந்த ஃபோனைப் பிடித்தவர்கள் சினிமா படித்தவர்கள் அல்ல; பாடகர் குழுப் பையன்களும் பீடச் சிறுவர்களும்தான். அப்படித் தொடங்கியவர்கள் பிறகும் விடவில்லை. கொடியேற்றம், தேர்ப்பவனி, தங்கையின் முதல் நன்மை, தாத்தா பாட்டியின் பொன்விழா என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கைன்மாஸ்டர் என்ற எடிட்டிங் செயலியில் பழகியவர்கள் உண்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இறக்கி, திறந்ததும் பட்டன்களைப் பார்த்து மிரண்டு மூடியவர்களும் உண்டு.

இவர்கள் என்னிடம் வந்து சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். “எடுத்து வெச்சிருக்கேன் ஃபாதர். பாதி முடிச்சும் வெச்சிருக்கேன். யாருக்கும் காட்டல. நல்லா வரல.” கொஞ்சம் கிண்டினால் அடுத்தது வரும்: “எனக்கு இதெல்லாம் வராது ஃபாதர்.”

இந்த இரண்டும் வேறு வேறு பேச்சு. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இன்றைக்கு உங்களை அழைக்கிறேன்.

அதற்கு முன் தொகுக்கும் வேலையைப் பற்றி ஒன்று: நம் கையில் இருக்கும் நற்செய்தி நூல்களே தொகுக்கப்பட்டவை. இதைக் கேட்டு யாரும் திடுக்கிட வேண்டாம். இறைவெளிப்பாடு பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கொள்கைத் திரட்டே இதைச் சொல்கிறது: வாய்மொழியாகவும் எழுத்தாகவும் வந்த பலவற்றிலிருந்து நற்செய்தியாளர்கள் சிலவற்றைத் தேர்ந்தார்கள், சிலவற்றைச் சுருக்கினார்கள், தங்கள் சபைகளின் நிலைமையை மனதில் வைத்து விளக்கினார்கள். இயேசு செய்த வேறு பல காரியங்களைத் தாம் எழுதவில்லை என்று யோவான் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். கோவிலில் வியாபாரிகளை விரட்டிய நிகழ்ச்சியை அவர் தொடக்கத்திலேயே வைத்தார். மற்ற மூவரும் பாடுகளின் வாரத்துக்குக் கொண்டுபோனார்கள். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்ற கவலை தூய ஆவியாரின் ஏவுதல் பெற்றவர்களுக்கும் இருந்தது.

லூக்காவைப் பாருங்கள். இன்றைய பெருவிழாவை அவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார். நற்செய்தியின் கடைசிப் பக்கத்தை ஒரே மூச்சில் படித்தால், உயிர்ப்பு ஞாயிறு அன்றே இயேசு பெத்தானியா வரை கூட்டிப்போய் ஆசி வழங்கி விண்ணேறியதுபோல் ஓடுகிறது. சீடர்கள் பெருமகிழ்ச்சியோடு எருசலேமுக்குத் திரும்புகிறார்கள், நூல் முடிகிறது. அதே லூக்கா தம் இரண்டாம் நூலைத் தொடங்கும்போது நாற்பது நாள் என்கிறார், ஒலிவ மலை என்கிறார், மேகம் வந்து மறைத்தது என்கிறார். வெண்ணுடை அணிந்த இருவர் வந்து, ஏன் வானத்தையே பார்த்து நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நிகழ்ச்சி ஒன்று. முதல் நூலுக்கு அது முடிவு, இரண்டாம் நூலுக்கு அது தொடக்கம். ஒன்று விடைபெறும் காட்சி, மற்றது வேலைக்குக் கிளப்பும் காட்சி. பல பேர் தமக்கு முன்னே எழுத முயன்றிருக்கிறார்கள் என்பதையும் லூக்கா தம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். அவர்களெல்லாம் எழுதியாயிற்றே, நான் எதற்கு என்று அவர் பேனாவை மூடி வைத்திருந்தால், நல்ல சமாரியரும் ஊதாரி மகனும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு உவமைகளும் லூக்காவில் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே, ‘என்னைவிட நன்றாகச் செய்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்’ என்பது உண்மைதான். அது நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது.

இந்த ஒப்பிடும் பழக்கத்தில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. எடிட்டிங் கற்கிறவர்கள் அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். ரஷ்யாவில் நூறு ஆண்டுகளுக்கு முன் லெவ் குலெஷோவ் என்ற திரைக்கலை ஆசிரியர் ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரு நடிகரின் அசையாத முகம். அதற்குப் பக்கத்தில் ஒருமுறை ஒரு தட்டு சூப், ஒருமுறை சவப்பெட்டியில் ஒரு குழந்தை, ஒருமுறை ஒரு பெண். முகம் மூன்றிலும் ஒன்றேதான். பார்த்தவர்களோ பசி, துயரம், ஆசை என்று அந்த முகத்தில் வெவ்வேறாகப் படித்தார்கள். எதன் பக்கத்தில் எதை வைக்கிறோமோ அதுதான் அர்த்தத்தை உண்டாக்குகிறது. நீங்கள் தினமும் உங்கள் மனதுக்குள் செய்வது இதே வெட்டுதான். உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய முடிந்த, மெருகேறிய, ஆயிரக்கணக்கானோர் பார்த்த வீடியோவை வைக்கிறீர்கள். பிறகு உங்கள் முகத்தில் தோல்வியைப் படிக்கிறீர்கள்.

அந்த முடிந்த வீடியோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? 1979-இல் வெளிவந்த ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்தின் தொகுப்பாளர்களில் ஒருவர் வால்டர் மர்ச். அந்தப் படத்துக்கு எடுத்த பிலிம் பன்னிரண்டரை லட்சம் அடி, 230 மணிநேரத்துக்கு மேல் ஓடக்கூடியது. திரைக்கு வந்தது இரண்டரை மணிநேரத்துக்கும் குறைவு. வைத்துக்கொண்ட ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொண்ணூறுக்கு மேற்பட்ட நிமிடங்கள் வெளியே போயின. மர்ச் பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: ஒரு தொகுப்பாளர் ஒரு நாளைக்குச் செய்த வெட்டுகள் சராசரியாக 1.47. உலகம் கொண்டாடும் கைகள் நாள் முழுக்க உழைத்தும் ஒன்றரை வெட்டு! நாம் ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டுக்குள் முடிக்கப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று மனம் கசந்து படுக்கப் போகிறோம்.

நம் ஊரிலும் அப்படித்தான். ஏ. பீம்சிங், இயக்குநர்கள் கிருஷ்ணன்–பஞ்சுவிடம் உதவிப் படத்தொகுப்பாளராகச் சேர்ந்து பழகித்தான் இயக்குநர் ஆனார்; 1961-இல் அவர் எடுத்த படத்தின் பெயர் ‘பாவமன்னிப்பு’ என்பதால் கோவிலில் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்று வீட்டில் பெரியவர்கள் பழமொழி சொல்வார்கள். அது அஸ்திவாரம் போடுகிறவருக்கு. கற்றுக்கொள்கிறவருக்கு அல்ல.

இப்போது நான் சொன்ன இரண்டு பேச்சுக்கு வருகிறேன். ‘இந்த இடத்தில் காட்சி இழுக்கிறது, பேண்டு வாத்தியச் சத்தத்தில் செபம் அமுங்கிப் போகிறது’ என்று தோன்றினால் அது வேலையைப் பற்றிய பேச்சு. அதற்கு ஒரு பதில் உண்டு: ஷாட்டைக் குறை, பேண்டு ஒலியைத் தணி. ‘எனக்கு வராது’ என்பது ஆளைப் பற்றிய பேச்சு. அதற்கு எந்தப் பட்டனும் பதில் சொல்லாது. முதலாவது நம்மை மறுபடியும் வேலையிடம் அனுப்புகிறது. இரண்டாவது வேலையிலிருந்து பிடுங்குகிறது.

இதைப் புனித லொயோலா இஞ்ஞாசியார் நன்றாகவே அறிந்திருந்தார். தன்மேல் சந்தேகம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1522-இல் மன்ரேசாவில், தம் பழைய பாவங்களை முழுவதும் அறிக்கையிட்டோமா இல்லையா என்ற உறுத்தலில் சாகலாம் போலத் தவித்தவர். அந்த அனுபவத்திலிருந்து வந்த ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் ஆவிகளைத் தேர்ந்து தெளிவதற்கு விதிகள் தருகிறார். நன்மையில் முன்னேற முயல்கிறவரைத் தீய ஆவி அரிக்கும், வருத்தும், தடை போடும், போலிக் காரணங்களைச் சொல்லிக் கலங்கடிக்கும். நல்ல ஆவியோ தைரியம் தரும், தடைகளை எளிதாக்கும். அவர் எழுதியது செபத்தைப் பற்றி. நாம் நல்ல மனதோடு கற்கும் எந்தக் காரியத்துக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். உள்ளே கேட்கும் குரல் உண்மையா என்பதைவிட, அது உங்களை எங்கே கொண்டுபோகிறது என்று பாருங்கள். திருத்தச் சொல்கிறதா, ஒளியச் சொல்கிறதா?

இன்னொரு விதியும் தருகிறார், அதை எடிட்டர்கள் சுவரில் ஒட்டி வைக்கலாம். மனம் சோர்ந்திருக்கும் வேளையில் முன்னர் எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. நள்ளிரவு தாண்டியாயிற்று, ரெண்டர் 99 சதவீதத்தில் நின்று கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது, மூன்றாம் முறையாக. அந்த நேரத்தில் ‘மொத்தத்தையும் அழித்துவிடலாம்’ என்று ஒரு யோசனை வரும். அப்போது எதையும் அழிக்காதீர்கள். சேவ் செய்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு படுங்கள். காலையில் அதே காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் பங்கில் ஒரு தாய் இருக்கிறார், பேத்தி எடுத்தவர். காலமான தம் அம்மா பேசியதை முன்பே ஃபோனில் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பாட்டி கல்லும் மணலும் தலையில் சுமந்து இந்தக் கோவிலைக் கட்டிய கதை. அதைச் சுருக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று, தம்பி மகனிடம் உட்கார்ந்து எடிட்டிங் கற்றார். பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்று அவன் சொல்லித்தந்தான். யூடியூபில் அப்படித்தான் சொல்கிறார்களாம். அவரும் வெட்டினார். போட்டுப் பார்த்தால் அம்மா செய்தி வாசிக்கிறவர்போல் மூச்சுவிடாமல் பேசுகிறார்! அது அவருடைய அம்மாவே இல்லை. “எனக்குத் தெரியலங்க ஃபாதர், நான் கெடுத்துட்டேன்” என்று ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினார்.

சேர்ந்து பார்த்தோம். கணவர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பாட்டி நிறுத்துகிறார். முந்தானையால் வாயைத் துடைக்கிறார். சுவரில் மாட்டிய படத்தை ஒருமுறை பார்க்கிறார். பிறகுதான் “அவுங்க” என்கிறார். சில விநாடிதான். வெட்டியதில் அது போயிருந்தது. மகளுக்கு அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. அம்மாவின் குரலையே அழித்துவிட்டோமோ என்ற பயத்தில் கை நடுங்கியது. உண்மையில் ஒன்றும் அழியவில்லை. டைம்லைனில் எவ்வளவு வெட்டினாலும், எடுத்த வீடியோ ஃபோனில் அப்படியேதான் இருக்கும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை மட்டுமே அந்தச் செயலி குறித்து வைக்கிறது. கிளிப்பின் ஓரத்தை விரலால் இழுத்தார். மௌனம் திரும்ப வந்தது, பாட்டியும் வந்தார்.

நம் திருமுழுக்கும் இப்படித்தான் என்று அவரிடம் சொன்னேன். ஆன்மாவில் பதிந்த அந்த முத்திரை அழியாதது என்று திருச்சபை கற்பிக்கிறது. நாம் பிழையாய் வெட்டியதும் ஒட்டியதும் அதைத் தொடுவதில்லை. திரும்பி வர அங்கே இடம் இருக்கிறது.

சகோதரர்களே, தாலந்து உவமையில் ஒரே தாலந்து பெற்றவரை நாம் சோம்பேறி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் தம் வாயால் சொல்லும் காரணம் பயம். ஒரு தாலந்து சின்னத் தொகையும் அல்ல. ஆறாயிரம் தெனாரியம், அதாவது ஒரு கூலியாள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்துப் பெறும் சம்பளம். ஐந்து வாங்கியவரின் பக்கத்தில் நின்றதால் அவருக்கு அது சின்னதாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதைக்கப்பட்டது எவ்வளவு பெரிது பாருங்கள்! ஃபோனுக்குள், யாருக்கும் காட்டாத ஒரு ஃபோல்டரில், உங்களில் எத்தனை பேர் எத்தனை தாலந்துகளைப் புதைத்து வைத்திருக்கிறீர்களோ.

கைத்தொழில் திறமை ஆன்மிகத்துக்கு வெளியே இருப்பது என்று நினைக்க வேண்டாம். கடவுள் தம் ஆவியால் நிரப்பியதாக விவிலியம் முதன்முதலில் சொல்லும் மனிதர் அரசரோ இறைவாக்கினரோ அல்லர். பெட்சலேல் என்ற கைவினைஞர். பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்தவர். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைக் கூட்டத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பிறருக்குக் கற்பிக்கும் வரமும் சேர்த்தே தரப்பட்டது என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. நம் காலத்தில் கார்லோ அக்குதிஸ் என்ற இத்தாலியச் சிறுவன் கம்ப்யூட்டரைத் தானே கற்று, நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையத்தில் வைத்தான். 2006-இல், 15 வயதில் இறந்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ அவனைப் புனிதனாக அறிவித்தார்.

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் வந்தது என்ற கணக்கைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அது பசி தீராத பிராணி, தீனி போடாதீர்கள். பொழுதுபோக்காகக் கற்கிறவருக்கு ஒரு பெரிய சுதந்திரம் இருக்கிறது: ஒரே ஓர் ஆளுக்காகச் செய்யலாம். அசிசியின் புனித கிளாரா ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நோயாய்ப் படுத்திருந்தார், திருப்பலிக்குப் போக முடியவில்லை. அந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டதாக மரபு சொல்கிறது. அதை வைத்துத்தான் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார்.

நம் பங்கிலும் அப்படிப் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வர முடியாதவர்கள், தேர் தங்கள் தெருவைத் தாண்டிப் போகும் சத்தத்தை மட்டும் கேட்டவர்கள். முதல் வெள்ளிகளில் நான் நற்கருணை கொண்டுபோகும் வீடுகள் அவை.

அடுத்த ஞாயிறு தூய ஆவியார் பெருவிழா. அதற்கு முன், பாதியில் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு வீடியோவை எடுத்து முடியுங்கள். நன்றாக வந்தது என்று உங்களுக்குத் தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். அதை அந்த வீடுகளில் ஒன்றுக்குக் கொண்டுபோய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். வீடுகளின் பட்டியல் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. பூசை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.